4×5 ஷீட் ஃபிலிம்: தேர்ந்தெடுப்பதும் வீட்டில் கழுவுவதும்

ரோல் ஃபிலிமில் எடுத்த 36 படங்களும் ஒரே டெவலப்பரில் (படத்தை வெளிக்கொணரும் மருந்தில்) ஒரே அளவு நேரம் ஊறியாக வேண்டும். விடியற்காலை மூடுபனியில் எடுத்த படமும் உச்சி வெயிலில் எடுத்த படமும் ஒரே சுருளில் இருந்தால், இரண்டுக்கும் பொதுவான ஒரு நேரத்தைப் பிடித்துக்கொண்டு, மிச்சக் குறையைப் பிரிண்ட் போடும்போது சரிசெய்வதைத் தவிர வேறு வழி இல்லை. ஷீட் ஃபிலிமில் ஒவ்வொரு படமும் தனித் தாள் என்பதால், ஒவ்வொன்றையும் அதனதன் ஒளிநிலைக்கு ஏற்றபடி கழுவலாம். பெரிய நெகட்டிவ் தரும் கூர்மையைப் பற்றியே பலரும் பேசுகிறார்கள். ஆனால் லார்ஜ் ஃபார்மட் கேமராவைத் தூக்கிச் சுமப்பதற்கு முதல் காரணம் இந்தச் சுதந்திரம்தான் என்பது என் எண்ணம். தேர்வு முதல் உலர்த்தல் வரை கீழே சொல்லியிருப்பவை எல்லாம் அந்தச் சுதந்திரத்தைக் கைக்கு வசப்படுத்தும் ஏற்பாடுகளே.

சொல் பற்றி ஒரு குறிப்பு. நம் ஸ்டுடியோக்காரர்கள் டெவலப் செய்வதைக் ‘கழுவுதல்’ என்றே சொல்லிவந்தார்கள். இங்கும் அந்தப் பொருளில்தான் அச்சொல்லைக் கையாள்கிறேன். படத்தை நிலைக்கவைக்கும் மருந்தான ஃபிக்ஸருக்குப் பிறகு தண்ணீரில் செய்வதை ‘அலசுதல்’ என்று பிரித்துச் சொல்கிறேன். அளவுகள் எல்லாம் 4×5 அங்குலத் தாளுக்கானவை. நான்கு 4×5 தாள்களின் பரப்பு ஒரு 8×10 தாளின் பரப்புக்குச் சமம். அது 80 சதுர அங்குலம். 36 படங்கள் கொண்ட ஒரு 35 மி.மீ. சுருளின் பரப்பும் ஏறக்குறைய அதுவே. இந்த ஒரு கணக்கை நினைவில் வைத்துக்கொண்டால், ரோல் ஃபிலிமுக்குச் சொல்லப்பட்ட மருந்தளவை எந்த அளவுத் தாளுக்கும் மாற்றிக்கொள்ளலாம்.

எந்த ஃபிலிம்

புதிதாக வருபவர்கள் முதலில் துகள் (படத்தில் மணல்போல் தெரியும் வெள்ளித் துகள்) சிறியதாக இருக்கும் ஃபிலிமைத்தான் தேடுகிறார்கள். இது 35 மி.மீ. காலத்துப் பழக்கம். 16×20 அங்குலப் பிரிண்டுக்கு 35 மி.மீ. நெகட்டிவை ஏறக்குறைய 17 மடங்கு பெரிதாக்க வேண்டும். 4×5 நெகட்டிவை நான்கு மடங்கு பெரிதாக்கினால் போதும். நான்கு மடங்கில் ஐஎஸ்ஓ 400 ஃபிலிமின் துகளும் கண்ணுக்குத் தெரியாது. எனவே துகளைவிட வேகத்தைத்தான், அதாவது ஐஎஸ்ஓ எண் காட்டும் ஒளியுணர்திறனைத்தான், முதலில் பார்க்க வேண்டும்.

ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இந்த அளவில் முன்னும் பின்னும் கூர்மையாக இருக்க வேண்டுமானால், கேமராவின் அசைவுகளை (லென்ஸையும் ஃபிலிம் தளத்தையும் சாய்த்து நகர்த்தும் வசதியை) பயன்படுத்திய பிறகும் லென்ஸின் துளையை எஃப்/22 அல்லது எஃப்/32 வரை சுருக்கவேண்டிவரும். ஐஎஸ்ஓ 400 ஃபிலிமுக்கு நல்ல வெயிலில் எஃப்/16-இல் 1/400 வினாடி என்றால், எஃப்/32-இல் 1/100 வினாடி. மர நிழலில் மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாவது அல்லது இரட்டிப்பது) குறைந்தால் ஏறக்குறைய 1/12 வினாடி. ஆரஞ்சு ஃபில்டர் போட்டால் இன்னும் இரண்டு ஸ்டாப் போய் 1/3 வினாடி. இதே இடத்தில் ஐஎஸ்ஓ 100 ஃபிலிம் ஒரு வினாடிக்கு மேல் கேட்கும். தென்னங்கீற்று ஒரு வினாடி அசையாமல் நிற்கும் நாள் நம் ஊரில் அரிது.

ஒரு வினாடியைத் தாண்டினால் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. மங்கலான ஒளி நீண்ட நேரம் விழும்போது ஃபிலிம் தன் வேகத்தை இழக்கிறது. அதனால் ஒளியை அளக்கும் மீட்டர் சொல்வதைவிட அதிக நேரம் கொடுக்க வேண்டும். இந்த இழப்பு ஃபிலிமுக்கு ஃபிலிம் பெரிதும் மாறுபடும். மீட்டர் 10 வினாடி என்று சொல்லும் இடத்தில், தயாரிப்பாளர்கள் தரும் அட்டவணைகளின்படி, கோடக் டி-மேக்ஸ் வகைகளுக்கு 15 வினாடி போதும். இல்ஃபோர்டு எஃப்பி4 பிளஸுக்கு 18, ஹெச்பி5 பிளஸுக்கு 20 வினாடி வேண்டும். கோடக் ட்ரை-எக்ஸ் 320-க்கு 50 வினாடி. ஃபோமாபான் 100-க்கு 80 வினாடி. இல்ஃபோர்டு ஃபிலிம்களுக்குக் கணக்கு எளிது: அளந்த வினாடியை எஃப்பி4 பிளஸுக்கு 1.26 என்ற அடுக்குக்கும் ஹெச்பி5 பிளஸுக்கு 1.31 என்ற அடுக்குக்கும் உயர்த்த வேண்டும். செல்பேசியின் கால்குலேட்டரே போதும்.

இவற்றைக் கொண்டு பார்க்கும்போது, முதல் பெட்டியாக ஹெச்பி5 பிளஸ் வாங்கச் சொல்வேன். வேகம் 400, எக்ஸ்போஷரில் (ஃபிலிமில் விழவிடும் ஒளியின் அளவில்) ஒரு ஸ்டாப் முன்பின் ஆனாலும் தாங்கும், எந்த டெவலப்பரிலும் முரண்டு பிடிக்காது. காற்றில்லாத கட்டடங்கள், பாறைகள், மேசை மேல் வைத்த பொருள்கள் ஆகியவற்றை மட்டும் எடுப்பவருக்கு ஐஎஸ்ஓ 125 கொண்ட எஃப்பி4 பிளஸ் அழகான தேர்வு. இரவிலும் இருண்ட மண்டபங்களிலும் படம் எடுப்பவர் டி-மேக்ஸ் 400-க்கு ஆகும் கூடுதல் செலவைத் தயங்காமல் செய்யலாம். ஆனால் டி-மேக்ஸ் வகைகள் கழுவும் நேரத்திலும் வெப்பத்திலும் சிறு மாறுதல் வந்தாலும் உடனே காட்டிக்கொடுக்கும் என்பதால், கை பழகிய பிறகு அவற்றிடம் போவது நல்லது. ட்ரை-எக்ஸ் 320 என்பது ரோலில் வரும் ட்ரை-எக்ஸ் 400 அல்ல. நிழல் பகுதிகளை அமுக்கி வெளிச்சப் பகுதிகளை விரித்துக் காட்டும் இயல்பு கொண்டது. ஸ்டுடியோ விளக்கில் முகப்படம் எடுப்பவர்களின் ஃபிலிம் அது. சயனோடைப், பிளாட்டினம் போன்ற, புற ஊதா ஒளியில் பதியும் முறைகளில் நெகட்டிவைப் பிரிண்ட் காகிதத்தோடு ஒட்டிவைத்துப் பிரிண்ட் போட நினைப்பவர் டி-மேக்ஸ் 100-ஐத் தவிர்க்க வேண்டும். அதன் நெகட்டிவ் புற ஊதா ஒளியைத் தடுத்துவிடும்.

ஆர்த்தோ ஃபிலிமைத் தனியாகச் சொல்ல வேண்டும். இல்ஃபோர்டு ஆர்த்தோ பிளஸ் போன்றவை சிவப்பு ஒளியை உணராதவை. அதனால் அடர்சிவப்பு விளக்கு எரியும்போதே ஹோல்டரில் (தாளைக் கேமராவில் பொருத்தும் சட்டத்தில்) போடலாம், தட்டில் கழுவலாம், படம் மெல்ல எழும்புவதைக் கண்ணால் பார்க்கலாம். சிவந்த உதடும் செம்மண்ணும் கறுத்துத் தெரியும் என்பது உண்மைதான். இருந்தும், இருட்டில் தாளைக் கையாளப் பயப்படுபவருக்கு இதைவிட நல்ல ஆசான் இல்லை. முழு இருட்டில் கையால் செய்யவேண்டிய அத்தனையையும் இங்கே கண் பார்த்துக் கற்றுக்கொள்கிறது.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், ஓராண்டுக்காவது ஒரே ஃபிலிம், ஒரே டெவலப்பர் என்று இருக்க வேண்டும். ஒளிநிலைக்கு ஏற்றபடி கழுவுவதற்கு முதலில் ‘வழக்கமான’ கழுவல் எது என்று தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? மூன்று ஃபிலிம்களும் நான்கு டெவலப்பர்களும் அலமாரியில் இருந்தால் அது ஒருநாளும் தெரியப்போவதில்லை.

பெட்டியைக் குளிர்பதனப் பெட்டியிலோ அதன் உறைபகுதியிலோ வைக்கலாம். வெளியே எடுத்தபின் அறையின் வெப்பத்துக்கு வரும்வரை, குறைந்தது மூன்று நான்கு மணி நேரம், உறையைத் திறக்கக் கூடாது. கடலோர ஊர்களின் ஈரக்காற்று குளிர்ந்த ஃபிலிமின் மேல் பட்ட உடனே நீர் கோத்துக்கொள்ளும். காலியான பெட்டியையும் அதன் கறுப்பு உறையையும் தூக்கி எறியாதீர்கள். எடுத்த தாள்களை வைக்க அவைதான் வேண்டும்.

ஹோல்டரில் போடுதல்

தாளின் ஒரு மூலையில், குறுகிய விளிம்பில், சிறு வெட்டுக்குறிகள் இருக்கும். தாளை நெட்டுவாக்கில் பிடித்து, வெட்டுக்குறி மேல் விளிம்பின் வலப்பக்கம் வருமாறு வைத்தால், ஒளியை உணரும் எமல்ஷன் பூச்சு உங்கள் முகத்தைப் பார்த்திருக்கும். அதையே தலைகீழாகத் திருப்பினால் வெட்டுக்குறி கீழே இடப்பக்கம் வரும். அப்போதும் எமல்ஷன் உங்கள் பக்கம்தான். வெட்டுக்குறியின் வடிவம் ஃபிலிமுக்கு ஃபிலிம் மாறும் என்பதால், இருட்டில் பெட்டி மாறிப்போனாலும் விரல் நுனியால் கண்டுபிடித்துவிடலாம். ஹோல்டரில் எமல்ஷன் வெளிப்புறம், அதாவது லென்ஸைப் பார்த்தபடி, இருக்க வேண்டும்.

ஒரு தாளை வீணடிப்பது என்று முடிவுசெய்து, அதைப் பகல் வெளிச்சத்தில் இருபது முறை போட்டு எடுத்துப் பழகுங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு இருபது முறை. தாள் இருபக்க வரிப்பள்ளங்களுக்கும் கீழே போக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பள்ளத்தில் நுழைந்து மறுபக்கம் மேலே ஏறிக்கொள்வது எல்லோருக்கும் நேரும். ஹோல்டரின் ஒளிமறைப்புத் தகடான டார்க் ஸ்லைடை மூடும் முன், நகம் படாமல், தாளின் ஓரத்தை மெல்லத் தூக்கிப் பாருங்கள்; தூக்க வராவிட்டால் சரியாக அமர்ந்திருக்கிறது. டார்க் ஸ்லைடின் வெள்ளைப் பக்கம் வெளியே தெரிந்தால் எடுக்காத தாள், கறுப்புப் பக்கம் தெரிந்தால் எடுத்த தாள் என்பது உலக வழக்கம். வெள்ளைப் பக்கத்தின் மேல்விளிம்பில் தடவினால் தட்டுப்படும் புள்ளிகள் இருட்டுக்காகவே வைத்தவை.

தூசியே இந்தத் தொழிலின் நிரந்தரப் பகை. ஃபிலிமின் மேல் ஒட்டிய தூசி நெகட்டிவில் வெற்றுப் புள்ளியாகி, பிரிண்டில் கறுப்புப் பொட்டாக வரும். வானத்தில் வந்தால் கண்ணைக் குத்தும். ஹோல்டர்களை முந்தின நாளே தட்டி, தூரிகையால் துடைத்து, பிளாஸ்டிக் பைகளில் மூடிவைத்துக்கொள்ள வேண்டும். மின்விசிறியை அணைத்து, தரையை ஈரத்துணியால் துடைத்து, அரை மணி நேரம் கழித்து அறைக்குள் போனால் பாதித் தொல்லை குறையும்.

ஹோல்டர்களுக்கு எண் போடுவதோடு, ஒவ்வொன்றின் அடிமடிப்பிலும் சிறு அரத்தால் வெவ்வேறு எண்ணிக்கையில் ஓரிரு வெட்டுகள் போட்டுவையுங்கள். அந்த வெட்டுகள் நெகட்டிவின் விளிம்பில் பதியும். பிற்பாடு ஒரு நெகட்டிவில் ஒளி கசிந்த தடம் தெரிந்தால், குற்றவாளி எந்த ஹோல்டர் என்று உடனே பிடித்துவிடலாம்.

எக்ஸ்போஷரும் கழுவும் குறிப்பும்

நிழலுக்கு எக்ஸ்போஷர், வெளிச்சத்துக்குக் கழுவல் என்பது பழைய பாடம். 1940-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்க ஒளிப்படக் கலைஞர்களான ஆன்சல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் லாஸ் ஏஞ்சலிஸில் அதை ‘ஸோன் சிஸ்டம்’ என்று வகுத்துக் கொடுத்தார்கள். அதன் சாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டாலே போதும். எக்ஸ்போஷர் போதாமல் நிழலில் பதியாத விவரத்தை எந்த டெவலப்பராலும் கொண்டுவர முடியாது. ஆனால் வெளிச்சப் பகுதி எவ்வளவு அடர்த்தியாக வளர வேண்டும் என்பது கழுவும் நேரத்தின் கையில் இருக்கிறது.

முற்றம் வைத்த ஒரு செட்டிநாட்டு வீட்டை எடுத்துக்கொள்வோம். தாழ்வாரத்தின் மரத்தூணுக்குப் பின்னால் உள்ள நிழலில் விவரம் வேண்டும். ஒரு சிறு இடத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரால் அதை அளந்து, மீட்டர் சொல்வதைவிட இரண்டு ஸ்டாப் குறைத்து எக்ஸ்போஷர் கொடுக்க வேண்டும். ஏனென்றால் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுச்சாம்பலாக்கப் பார்க்கும். அடுத்து, வெயில் அடிக்கும் முற்றத்துச் சுண்ணாம்புச் சுவரை அளக்க வேண்டும். இரண்டு அளவுகளுக்கும் இடையே ஐந்து ஸ்டாப் இருந்தால் வழக்கமான நேரம் கழுவலாம். ஆறு இருந்தால் நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து கால் பங்கு வரை குறைக்க வேண்டும். இதை ‘கழித்தல் ஒன்று’ என்போம். ஏழு இருந்தால் இன்னும் குறைக்க வேண்டும்; குறைத்துக் கழுவும்போது நிழலும் சற்று மெலியும் என்பதால் எக்ஸ்போஷரை அரை ஸ்டாப் கூட்டிக்கொள்வது பாதுகாப்பு. மழைமேகம் மூடிய நாளில் இடைவெளி நான்கு ஸ்டாப்தான் என்றால், நேரத்தை ஏறக்குறைய 30 சதவீதம் கூட்டலாம். அது ‘கூட்டல் ஒன்று’.

பெட்டியில் அச்சிட்ட வேகத்தில் பாதியை மீட்டரில் வைத்துத் தொடங்குங்கள். 400 என்றால் 200. பலருடைய சோதனையும் இந்த இடத்தில்தான் வந்து நிற்கிறது. கிட்டத்தில் உள்ள பொருளை எடுக்கும்போது பெல்லோஸ் (லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் இடையே உள்ள துருத்தி) நீளத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 150 மி.மீ. லென்ஸுக்குப் பெல்லோஸ் 210 மி.மீ. நீண்டிருந்தால், 210-ஐ 150-ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் 1.96, அதாவது ஒரு ஸ்டாப் கூடுதல். இதை மறந்து நான் வெறுமையாக்கிய தாள்கள் பல.

படம் எடுத்த கையோடு ஹோல்டர் எண், எக்ஸ்போஷர், கழுவும் வகை மூன்றையும் குறிப்பேட்டில் எழுதுங்கள். வீட்டுக்கு வந்ததும் ‘வழக்கம்’, ‘கழித்தல்’, ‘கூட்டல்’ என்று எழுதி ஒட்டிய மூன்று காலிப் பெட்டிகளில் தாள்களைப் பிரித்துப் போடுங்கள். இந்த மூன்று பெட்டிகளுக்காகத்தான் இத்தனை பாடும்.

டெவலப்பரும் தண்ணீரும்

முதல் டெவலப்பராகக் கோடக் டி-76 அல்லது அதே இயல்புடைய இல்ஃபோர்டு ஐடி-11 போதும். பொடி கிடைக்காத ஊரில் இருப்பவர் ரசாயனக் கடையில் வாங்கித் தாமே கலக்கலாம். டி-76-இன் வாய்பாடு நூறாண்டை நெருங்கும் பொதுச் சொத்து: ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், நீரற்ற சோடியம் சல்ஃபைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம். ஏறக்குறைய 50 டிகிரி சூடுள்ள 750 மில்லி நீரில் ஒரு சிட்டிகை சல்ஃபைட்டை முதலில் போட்டு, பிறகு மெட்டால், மீதிச் சல்ஃபைட், ஹைட்ரோகுவினோன், போராக்ஸ் என்ற வரிசையில் ஒவ்வொன்றும் முழுதாகக் கரைந்தபின் அடுத்ததைச் சேர்த்து, கடைசியில் ஒரு லிட்டராக்க வேண்டும். மெட்டால் சிலருக்குத் தோலில் அரிப்பை உண்டாக்கும்; கையுறை கட்டாயம். பைரோ வகை டெவலப்பர்கள் அழகான நெகட்டிவ் தரும் என்றாலும் அவற்றில் உள்ள பைரோகலால் என்ற பொருள் நஞ்சு; தட்டில் கை வைத்துப் பழகும் காலத்தில் அவை வேண்டாம்.

பயன்படுத்தும்போது ஒரு பங்கு மூல டெவலப்பருக்கு ஒரு பங்கு தண்ணீர் கலந்து, ஒருமுறை பயன்படுத்திக் கொட்டிவிடலாம். நான்கு தாள்களுக்குக் குறைந்தது 250 மில்லி மூல டெவலப்பர், அதாவது கலந்தபின் 500 மில்லி வேண்டும். தட்டு பெரிதாக இருந்தால் தாள் மூழ்குவதற்காக இன்னும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

அட்டவணைகள் எல்லாம் 20 டிகிரி செல்சியஸுக்கு எழுதப்பட்டவை. சென்னையிலோ மதுரையிலோ குழாய்த் தண்ணீர் ஆண்டின் பெரும்பகுதி 28-லிருந்து 32 டிகிரி வரை இருக்கிறது. அதை 20-க்கு இறக்கி, அரை மணி நேரம் அங்கேயே நிறுத்திவைப்பது வீண் போராட்டம். கழுவிக்கொண்டிருக்கும்போதே வெப்பம் ஏறிவிடும். 24 டிகிரியைப் பிடித்துக்கொள்வதே நடைமுறைக்கு ஏற்றது. இன்றைய ஃபிலிம்களின் பூச்சு அந்த வெப்பத்தைத் தாங்கும். நேரத்தைத்தான் 20 டிகிரிக்குச் சொன்னதில் ஏறக்குறைய 70 சதவீதமாகக் குறைக்க வேண்டும். தட்டில் இடைவிடாமல் புரட்டுவதால் அதிலிருந்து இன்னும் 15 சதவீதம் கழிக்க வேண்டும். ஹெச்பி5 பிளஸ், ஐடி-11 ஒன்றுக்கு ஒன்று, 20 டிகிரியில் 13 நிமிடம் என்று இல்ஃபோர்டு சொல்வதை இப்படி மாற்றினால் ஏழே முக்கால் நிமிடம் வருகிறது. எஃப்பி4 பிளஸுக்கு 11 நிமிடம் என்பது ஆறரை ஆகிறது. ஐந்து நிமிடத்துக்குக் கீழே போகும் எந்த நேரமும் ஆபத்து. சில வினாடித் தாமதமும் திட்டுத் திட்டாக வெளிப்படும். நீர்த்த கலவையை நான் விரும்புவதற்கு அதுவே காரணம்.

டெவலப்பர், அதன் வேலையை நிறுத்தும் ஸ்டாப் பாத், ஃபிக்ஸர், ஊறவைக்கும் தண்ணீர் எல்லாவற்றையும் பாட்டில்களில் ஊற்றி, பனிக்கட்டி போட்ட ஒரே வாளியில் நிறுத்தி, 24 டிகிரிக்கு வந்தபின் தட்டுகளில் ஊற்ற வேண்டும். பனிக்கட்டியை மருந்துக்குள் நேராகப் போடக் கூடாது. அது உருகி நீர்க்கச் செய்துவிடும். ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக இருக்கும் வீடுகளில் டெவலப்பர் கலக்கக் கேன் தண்ணீரே நல்லது.

தட்டில் கழுவுதல்

கழுவுவதற்குத் தொட்டிகளும் உருளைகளும் பல இருக்கின்றன. பேட்டர்சன் தொட்டிக்குள் ஆறு தாள்களைப் பிடித்துக்கொள்ளும் மாட்54, நான்கு தாள்களை அரை லிட்டருக்கும் குறைவான மருந்தில் கழுவும் ஸ்டியர்மன் எஸ்பி-445, பத்துத் தாள்களைச் சுழற்றும் ஜோபோ 3010 ஆகியவை பலரும் பயன்படுத்துபவை. தாளை உள்ளே போட்டு மூடியபின் விளக்கைப் போட்டுக்கொள்ளலாம் என்பது அவற்றின் வசதி. இருந்தும் தட்டில் ஒருமுறையாவது கழுவிப் பார்க்கச் சொல்கிறேன். செலவில்லை, எட்டு நிமிடம் ஊற வேண்டிய தாளையும் ஆறு நிமிடத்தில் எடுக்க வேண்டிய தாளையும் ஒரே தட்டில் கழுவும் வசதி வேறு எதிலும் இவ்வளவு எளிதாகக் கிடைப்பதில்லை.

5×7 அளவுத் தட்டு நான்கு வேண்டும். 8×10 தட்டில் தாள்கள் அலைந்து ஒன்றின் மூலை மற்றொன்றைக் கீறும். இடமிருந்து வலமாகத் தண்ணீர், டெவலப்பர், ஸ்டாப் பாத், ஃபிக்ஸர் என்று வரிசை. நேரத்தைக் காதால் கேட்கும்படி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்: ஒவ்வொரு அரை நிமிடமும் எண்ணிச் சொல்லும் உங்கள் குரலையே செல்பேசியில் முன்கூட்டிப் பதிந்து, அதை அறைக்கு வெளியே கதவோரம் வைத்து ஓடவிடலாம். திரையின் ஒளி அறைக்குள் வரவே கூடாது. பத்து நிமிடம் இருட்டில் உட்கார்ந்து, கதவிடுக்கில் எங்காவது வெளிச்சக் கீற்று தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

முதல் தடவை இரண்டு தாள்கள் போதும். கை பழகினால் நான்கு. உலர்ந்த தாள்களை இடக்கையில் விசிறிபோல் பிடித்துக்கொண்டு, வலக்கையால் ஒவ்வொன்றாக, எமல்ஷன் மேலே இருக்குமாறு, தண்ணீரில் போட்டு அமுக்க வேண்டும். இடக்கை நனையக் கூடாது. ஒன்றைப் போட்டதும் பத்து வினாடி காத்திருந்து அடுத்ததைப் போடுங்கள். பாதி நனைந்த இரண்டு தாள்கள் ஒன்றோடொன்று பட்டால் பசைபோல் ஒட்டிக்கொள்ளும். இழுத்துப் பிரித்தால் பூச்சு உரிந்துவிடும். ஒட்டிக்கொண்டால் தண்ணீருக்குள்ளேயே விட்டுவையுங்கள். முழுதாக ஊறியதும் தானே விலகும். இந்த ஒட்டலைத் தவிர்ப்பதற்குத்தான் டெவலப்பருக்கு முன் தண்ணீரில் மூன்று நிமிடம் ஊறவைப்பது. சில ஃபிலிம்களில் தண்ணீர் நீலமாகவோ பச்சையாகவோ மாறும். அது பின்பூச்சுச் சாயம், கவலை வேண்டாம்.

முதல் தாளை மட்டும் மற்றவற்றுக்கு எதிர்த்திசையில் திருப்பிப் போடுங்கள். அதன் வெட்டுக்குறி எதிர்மூலையில் தட்டுப்படும்போதெல்லாம் ஒரு சுற்று முடிந்தது என்று விரலுக்குத் தெரிந்துவிடும். சீக்கிரம் எடுக்க வேண்டிய ‘கழித்தல்’ தாளின் ஒரு மூலையை, கழுவத் தொடங்குமுன் இருட்டில் கத்தரியால் ஒரு மில்லிமீட்டர் நறுக்கிவிட்டால், அதையும் விரல் அடையாளம் கண்டுகொள்ளும்.

டெவலப்பருக்கு மாற்றும்போது ஐந்து வினாடிக்கு ஒரு தாள். பிறகு அடித்தாளை மெல்ல உருவி, மேலே வைத்து, விரலின் தட்டையான பகுதியால் அமுக்க வேண்டும். மீண்டும் அடித்தாள், மீண்டும் மேலே. அரை நிமிடத்துக்கு ஒரு முழுச் சுற்று வருமாறு தாள்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப வேகத்தை வைத்துக்கொள்ளுங்கள். உருவும்போது தாளைச் சாய்க்காதீர்கள். மூலை கீழே குத்தினால் அடுத்த தாளின் எமல்ஷனில் கீறல் விழும். ஈரமான ஜெலட்டின் வேகவைத்த முட்டையின் தோல்போல் இருக்கும். நகத்தை வெட்டிக்கொண்டு உட்காருங்கள். நான் கீறிய நெகட்டிவ்களில் பாதிக்கு என் கட்டைவிரல் நகமே பொறுப்பு. நேரம் முடியும்போது, போட்ட அதே வரிசையில், அதே ஐந்து வினாடி இடைவெளியில், ஸ்டாப் பாத்துக்கு மாற்றினால் எல்லாத் தாள்களுக்கும் ஒரே நேரம் கிடைத்திருக்கும்.

அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் எட்வர்ட் வெஸ்டன் போன்றோர் பைரோவில் கழுவும்போது, மங்கலான பச்சை விளக்கில் சில நொடி பார்த்தே எப்போது நிறுத்துவது என்று முடிவுசெய்தார்கள். அதற்குப் பல நூறு தாள்களின் அனுபவம் வேண்டும். நமக்குக் கடிகாரம் போதும்.

ஃபிக்ஸர், அலசல், உலர்த்தல்

ஸ்டாப் பாத்துக்கு ஒரு பங்கு வெள்ளை வினிகர், மூன்று பங்கு தண்ணீர். அரை நிமிடம் புரட்டினால் போதும். ஃபிக்ஸர் அமோனியம் தயோசல்ஃபேட் கொண்ட விரைவு வகையாக இருந்தால் ஒன்றுக்கு நான்கு. நேரத்தைக் கணக்கிட, அதே ஃபிலிமின் வீணான துண்டு ஒன்றை வெளிச்சத்திலேயே ஃபிக்ஸரில் போட்டு, பால்போன்ற வெண்மை மறையும் நேரத்தைப் பாருங்கள். அதன் இரு மடங்கு உங்கள் நேரம். டி-மேக்ஸ், இல்ஃபோர்டு டெல்டா வகைகளுக்கு மூன்று மடங்கு வைக்கலாம். புது ஃபிக்ஸரில் தெளிய ஆன நேரம் பழையதில் இரட்டித்துவிட்டால் அந்த ஃபிக்ஸரின் வேலை முடிந்தது. அதில் வெள்ளி கரைந்திருக்கிறது. கிணற்றடியிலோ செடிக்கோ ஊற்றாதீர்கள். இரும்பு நாரை அதில் சில நாள் போட்டுவைத்தால் வெள்ளி சேறாகப் படிந்துவிடும்.

ஃபிக்ஸரில் பாதி நேரம் கடந்தபின் விளக்கைப் போடலாம். அலசுவதற்குக் குழாயைத் திறந்துவிட வேண்டியதில்லை. தட்டு நிறையத் தண்ணீர் ஊற்றி, ஒரு நிமிடம் புரட்டி, கொட்டி, பத்து முறை மாற்றினால் போதும். கடைசித் தண்ணீர் மட்டும் கேன் தண்ணீராகவோ காய்ச்சி வடித்ததாகவோ இருக்கட்டும். அதில் நீர் துளியாக நிற்காமல் வழியச் செய்யும் ஃபோட்டோ-ஃப்ளோ சில சொட்டுகள் விட்டு அரை நிமிடம் வைத்தால் உப்புத் தடம் விழாது. பிறகு துடைக்காமல், ஒரு மூலையில் கவ்விபோட்டு, தண்ணீர் எதிர்மூலை வழியாக வடியும்படி குளியலறையில் தொங்கவிடுங்கள். விசிறி வேண்டாம். மழைக்காலத்தில் உலர ஓர் இரவு ஆகும். உலர்ந்ததும் பாலிப்ரோப்பிலீன் உறையில் போட்டு, சிலிக்கா ஜெல் வைத்த டப்பாவில் மூடிவைக்காவிட்டால் நம் ஈரக்காற்றில் பூஞ்சை பிடிக்கும்.

நெகட்டிவை வாசித்தல்

உலர்ந்த நெகட்டிவை வெள்ளைத் தாளுக்கு முன்னால் சற்று உயர்த்திப் பிடித்து, முதலில் நிழலைப் பாருங்கள். விவரம் வேண்டும் என்று அளந்த தூணின் பின்புறம் வெறும் கண்ணாடிபோல் இருந்தால், கழுவியதில் குற்றமில்லை. அடுத்த முறை மீட்டரில் ஃபிலிம் வேகத்தை இன்னும் குறைத்து வையுங்கள். அடுத்து, சுண்ணாம்புச் சுவர். அந்த இடத்தின் வழியாக, கீழே வைத்த செய்தித்தாளின் எழுத்தைச் சிரமப்பட்டாவது படிக்க முடிந்தால் பெரும்பாலும் சரி. படிக்கவே முடியாத கருமையாக இருந்தால் கழுவும் நேரத்தில் பத்து சதவீதம் குறையுங்கள். சுவர் சாம்பலாய்ச் சோர்ந்து கிடந்தால் பத்து சதவீதம் கூட்டுங்கள். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். வேகத்தையும் நேரத்தையும் சேர்த்து மாற்றினால் எது எதைச் செய்தது என்று தெரியாது.

இப்படி மூன்று நான்கு தடவையில் உங்கள் தண்ணீருக்கும் உங்கள் கைக்கும் உரிய வழக்கமான நேரம் நிலைபெறும். அதைப் பெட்டி மூடியின் உட்புறத்தில் எழுதி ஒட்டிவிட்டு, ‘கழித்தல்’ பெட்டியில் காத்திருக்கும் தாள்களை அதற்குப் பிறகு எடுங்கள்.